சக்கர நாற்காலிக்குக் காப்பீடு: விண்ணப்பம் சறுக்கும் இடங்கள்

"நோயாளிக்குப் பக்கவாதம். சக்கர நாற்காலி தேவை." காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும் மருத்துவரின் கடிதம் பல நேரம் இந்த இரண்டு வரியோடு முடிந்துவிடுகிறது. இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் கோப்பைப் பரிசீலிப்பவர் தேடும் விஷயமும் இல்லை. இதைவிட விலை குறைந்த சாதனம் ஏன் போதாது என்பதுதான் அவருடைய கேள்வி. கைத்தடி ஏன் ஆகாது, வாக்கர் ஏன் ஆகாது, சாதாரண மடக்கு நாற்காலி ஏன் ஆகாது என்று கடிதம் படிப்படியாகப் பதில் சொல்ல வேண்டும்.

அதே நோயாளிக்கு இப்படி எழுதலாம்: "இடது கையில் பிடிமானம் இல்லாததால் வாக்கரைப் பிடிக்க முடியவில்லை. கைத்தடியோடு கழிப்பறைக்குப் போகும் வழியில் இரண்டு மாதத்தில் மூன்று முறை விழுந்திருக்கிறார். சாதாரண நாற்காலியின் ஒரு சக்கரத்தை மட்டும் தள்ள முடிவதால் அது வட்டமடிக்கிறது." நோயின் பெயரே இல்லாவிட்டாலும் நிலைமை புரிகிறது அல்லவா?

இரண்டாவது தவறு நம்முடைய வீறாப்பு. வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்பவர், நாற்காலி தேவையா என்று பார்க்கும் மதிப்பீட்டு நாளன்று பல்லைக் கடித்துக்கொண்டு பத்து அடி நடந்து காட்டிவிடுவார். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்பார். அந்தச் சமாளிப்பு அப்படியே குறிப்பில் ஏறி, பின்னால் நிராகரிப்புக் கடிதத்தில் நமக்கே திரும்பி வரும். மோசமான நாள் எப்படி இருக்கும், எத்தனை முறை விழுந்தீர்கள், படுக்கையிலிருந்து எழ யார் தூக்கிவிடுகிறார்கள் என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். வெட்கப்பட அது இடமல்ல.

வெளியே போக வேண்டும் என்பதை மட்டும் காரணமாக எழுதுவதும் ஆபத்து. அமெரிக்காவின் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டம், நாற்காலி வீட்டுக்குள்ளேயே தேவைப்படுகிறதா என்றுதான் பார்க்கிறது. எனக்கு அது குறுகிய பார்வையாகவே படுகிறது. மனிதர்கள் வீட்டோடு முடிந்துவிடுவதில்லை. ஆனால் விதி அப்படி இருக்கும் இடத்தில், குளிப்பது, சமைப்பது, கழிப்பறைக்குப் போவது ஆகியவற்றை முதலில் எழுதுவதே புத்திசாலித்தனம்.

'வசதியாக இருக்கும்' என்ற சொற்களையும் தவிர்த்துவிடுங்கள். வசதிக்குக் காப்பீடு பணம் தராது. நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவருக்கு, அதுவும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு, அழுத்தத்தைப் பரப்பும் குஷன் சொகுசுப் பொருள் அல்ல; அழுத்தப் புண்ணைத் தடுக்கும் சிகிச்சை. அப்படியே எழுதுங்கள். குஷன், தலைத்தாங்கி, கால்தாங்கி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் வேண்டும். எழுதாமல் விட்டது வராது.

அளவு விஷயத்தில் அவசரம் கூடாது. இருக்கை 45 செ.மீ. என்றால், சக்கரங்களையும், அவற்றைக் கையால் தள்ளும் வளையங்களையும் சேர்த்து மொத்த அகலம் 65 செ.மீ. அளவுக்கு வந்துவிடும். குளியலறைக் கதவு 60 செ.மீ. என்றால் நாற்காலி வாசலிலேயே நின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டியும், பயன்படுத்துபவரின் உடலுக்கும் அவர் வாழும் சூழலுக்கும் பொருந்துவதையே தகுந்த நாற்காலி என்கிறது. இயன்முறை மருத்துவரோ, அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் செயல்முறை மருத்துவரோ அளவெடுக்கும்போது கதவுகளின் அளவும் கையில் இருக்கட்டும்.

முன் அனுமதி கேட்கும் திட்டத்தில், முதலில் வாங்கிவிட்டுப் பிறகு ரசீதை அனுப்பினால் பணம் வராமல் போகலாம். இப்போதைக்கு இது போதும் என்று மலிவான ஒன்றைக் காப்பீட்டில் எடுப்பதும் பொறிதான். அடுத்தது கிடைக்க ஆண்டுகள் ஆகும். மெடிகேரில் பொதுவாக 5 ஆண்டுகள். நடுவில் உடல்நிலை மாறினால் வழி உண்டு, அதற்கும் ஆவணம் வேண்டும். அவசரத்துக்கு இரவல் வாங்குங்கள், இல்லையென்றால் வாடகைக்கு எடுங்கள்.

நிராகரிப்பு வந்தால் தொலைபேசியில் சண்டை போட்டுப் பயனில்லை. கடிதத்தில் காரணமும் மேல்முறையீட்டுக் கெடுவும் இருக்கும். சில சமயம் விடுபட்ட ஒரு கையெழுத்துதான் காரணமாக இருக்கும். அவர்கள் கேட்ட புள்ளிக்கு மட்டும், மருத்துவரின் புதிய கடிதத்தோடு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

நாற்காலி வந்து இறங்கியதும், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும் முன் உட்கார்ந்து பாருங்கள். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கையின் முன்விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் கையெழுத்திடாதீர்கள்.