கர்ப்பப்பை ஆபரேஷன்: தழும்ப மட்டும் பாத்து முடிவு பண்றப்ப வர்ற தப்புகள்

ட்ரெயினிங்ல இருக்க ஜூனியர் டாக்டருங்க பேஷன்ட்கிட்ட பேசுறத பக்கத்துல நின்னு கேக்குறேன், எங்க செட்டு அந்த வயசுல பேசின அதே வசனம்: "சின்ன ஓட்டைதான்மா, சீக்கிரமே வீட்டுக்குப் போயிடலாம்." பொய் இல்ல. ஆனா அதோட பேச்ச முடிச்சிடுறாங்க. பேஷன்ட் மாத்திரை விவரத்த சொல்லாம விடுறது, ஆபரேஷனுக்குச் சாப்பிட்டுட்டு வந்துடறது மாதிரி தப்பெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், விட்டுடுவோம்.

வெளிக்காயம் ஆறிட்டா உள்ளயும் ஆறிடுச்சுன்னு நினைக்கிறது

இன்னிக்கும் எனக்குக் கோவம் வர்றது இதுலதான். வயித்தத் திறந்து (ஓபன்) பண்ணாலும், சின்ன ஓட்டைங்க போட்டு கேமரா விட்டு லேப்ராஸ்கோப்பில பண்ணாலும், ரோபோ வச்சு பண்ணாலும், கர்ப்பப்பைய முழுசா எடுத்தா பிறப்புறுப்போட மேல் முனைய தையல் போட்டு மூடித்தான் ஆகணும். அந்தத் தையல் பலப்பட 6லேர்ந்து 8 வாரமாவது வேணும். ஓபன் பண்ணவங்கள வலியே படுக்க வச்சிடும், லேப்ராஸ்கோப்பி பண்ணவங்களுக்கு வலி சீக்கிரம் போயிடுது, உடனே வேலைல இறங்கிடுறாங்க. தையல் பிரியறது அபூர்வம்தான், ஆனா லேப்ராஸ்கோப்பி, ரோபோவுல கொஞ்சம் அதிகமாவே பாக்குறோம். கரன்ட் வச்சு வெட்டுறப்ப ஓரத்துத் திசு சூட்டுல பலவீனமாகுறது ஒரு காரணம்னு சொல்றாங்க.

ஒரு அம்மா, லேப்ராஸ்கோப்பி முடிஞ்சு 5வது வாரம், நல்லா நடமாடிட்டு இருந்தவங்க, நிறைஞ்ச பக்கெட்ட தூக்கிருக்காங்க, குபுக்குன்னு தண்ணி மாதிரி போயிருக்கு, யூரின்தான்னு நினைச்சு நாப்கின் வச்சுட்டு படுத்துட்டாங்க. மறுநாள் பாத்தா தையல் பிரிஞ்சு குடல் தெரியுது. நேரா ஆபரேஷன் தியேட்டர். நல்லபடியா பிழைச்சாங்க. டிஸ்சார்ஜ் சீட்ட வாங்கிப் படிச்சேன், "கனமான வேலை வேண்டாம்"னு ஒரே வரி, எத்தன வாரத்துக்குன்னு இல்ல, எது கனம்னும் இல்ல.

வாயத் திறந்து சொல்லுங்கப்பா. பக்கெட், கேஸ் சிலிண்டர், குழந்தையத் தூக்குறதுன்னு பேர் சொல்லியே சொல்லுங்க. தாம்பத்தியம், டாக்டர் செக் பண்ணி சரின்னு சொன்ன பிறகுதான். திடீர்னு தண்ணியோ ரத்தமோ போனா, ஏதோ கீழ இறங்குற மாதிரி இருந்தா அப்பவே ஆஸ்பத்திரி. வெளிய எதாவது தெரிஞ்சா உள்ள தள்ளக்கூடாது, சுத்தமான ஈரத்துணிய வச்சு மூடிட்டு வரணும்.

கீழ்வழியா எடுக்கலாங்கறதயே மறந்துடறது

லேப்ராஸ்கோப்பியா ஓபனான்னு ரெண்டுல நிக்காதீங்க. வயித்துல ஒரு கீறல்கூட இல்லாம பிறப்புறுப்பு வழியாவே எடுக்கலாம், முடியுற இடத்துல அதுதான் முதல் சாய்ஸ்னு அமெரிக்க மகப்பேறு டாக்டர்கள் அமைப்பே 2017ல சொல்லிடுச்சு.

கேன்சருக்கும் சின்ன ஓட்டையே போதும்னு நம்புறது

ஆரம்ப நிலை கர்ப்பப்பை வாய் கேன்சர்ல ரெண்டு முறையையும் ஒப்பிட்டு 2018ல வந்த பெரிய ஆய்வுல, நாலரை வருஷத்துல நோய் திரும்பாம உயிரோட இருந்தவங்க ஓபன்ல 96.5%, லேப்ராஸ்கோப்பி, ரோபோவுல 86%. அதே நேரம் கர்ப்பப்பை உள்சவ்வு கேன்சர்ல ஆரம்ப நிலைக்கு லேப்ராஸ்கோப்பி நல்லாவே வேலை செய்யுது. அதனால எந்த கேன்சர்னு முதல்ல கேளுங்க.

பெரிய ஃபைப்ராய்டயும் (கர்ப்பப்பைல வளர்ற கேன்சர் இல்லாத கட்டி) சின்ன ஓட்டை வழியா துண்டு துண்டா எடுத்துடலாங்கறது

உள்ள கேன்சர் ஒளிஞ்சிருந்தா பரவிடலாம். மருந்து, மருத்துவக் கருவிகளக் கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பு எஃப்டிஏ 2014லயே எச்சரிச்சிருக்கு.

லேப்ராஸ்கோப்பிய நடுவுல ஓபனா மாத்தினா தோல்விங்கறது

இல்ல. ரத்தம் நிக்கலன்னா மாத்துறதுதான் சரி.

ஓவரியையும் (சினைப்பை) எடுக்குறத சேத்தே முடிவு பண்றது

அது தனி முடிவு. தனியா கேளுங்க.