அலசாமலே கார் கழுவலாம், கீறாமலும் கழுவலாம்

கார் கழுவும்போது பெயிண்டைக் கீறுவது துணி அல்ல. துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மணல் துகள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், இனி சொல்லப்போகும் ஒவ்வொன்றும் எதற்காக என்று தானாகவே விளங்கும். நிறத்துக்கு மேலே பளபளப்புக்காக அடிக்கப்படும் கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் சுமார் 40, 50 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியைவிட மெல்லியது. வெயிலில் சிலந்திவலை போல வட்டவட்டமாகத் தெரிகிற கோடுகள் அதில் விழுந்தவைதான்.

அலசாமல் கழுவுவதற்கென்றே ரின்ஸ்லெஸ் வாஷ் என்று விற்கப்படும் திரவத்தில் பாலிமர்களும் வழவழப்புத் தரும் பொருட்களும் இருக்கின்றன. அழுக்கைச் சூழ்ந்துகொண்டு, துணி வழுக்கிச் செல்ல வழிசெய்வது அவற்றின் வேலை. நுரை வராது, அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். சாதாரண ஷாம்பூவை இதற்குப் பதிலாக ஊற்றி, அலசாமல் விட்டுவிடவும் கூடாது. காய்ந்தால் படலமாக ஒட்டிக்கொள்ளும்.

முதலில் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். தூசி, லேசான அழுக்கு என்றால் இந்த முறை போதும். சேறு கட்டிகட்டியாக அப்பியிருந்தால் இன்றைக்கு இது வேண்டாம். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கரைத்து இறக்கிய பிறகுதான் துணியைத் தொட வேண்டும். எந்தத் திரவமும் சேற்றுக்கட்டியை வெண்ணெயாக மாற்றிவிடாது, விளம்பரத்தில் என்ன சொன்னாலும்.

தேவையானவை: ஒரு வாளி, எட்டுப் பத்து மைக்ரோஃபைபர் துணிகள், உலர்த்துவதற்கு ஒரு பெரிய துண்டு, கையால் அழுத்தும் ஸ்ப்ரேயர். புதுத் துணி என்றால் ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வெட்டி எடுத்துவிடுங்கள். அந்தச் சின்னத் துண்டும் கீறும்.

கலவையின் அளவு புட்டியிலேயே இருக்கும். 1க்கு 256 என்பது பல திரவங்களில் காணப்படும் விகிதம். அதாவது 10 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 40 மில்லி. கொஞ்சம் கூட ஊற்றினால் இன்னும் நன்றாக இருக்குமே என்று கை நீளும். நீளவிட வேண்டாம், துடைத்த பிறகு மங்கலாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். துணிகள் அத்தனையையும் வாளியில் ஊறப்போட்டுவிட்டு, அதே கலவையை ஸ்ப்ரேயரிலும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கார் நிழலில் நிற்கட்டும். பானட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் ஆறும்வரை காத்திருங்கள். சூடான தகட்டில் கலவை ஊறுவதற்குள் உலர்ந்துவிடும்.

மேற்கூரையிலிருந்து ஆரம்பித்து, ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கலவையைத் தாராளமாகத் தெளித்து ஓரிரு நிமிடம் ஊற விடுங்கள். பறவை எச்சம் இருந்தால் அதன்மேல் ஈரத்துணியைச் சில நிமிடம் போட்டு வைத்து, இளகியதும் அள்ளி எடுங்கள். தேய்ப்பதோ நகத்தால் சுரண்டுவதோ கூடாது.

இனிதான் முக்கியமான வேலை. வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்து, தண்ணீர் ஒழுகாத அளவுக்கு மட்டும் லேசாகப் பிழிந்து, இரண்டு முறை மடியுங்கள். இப்போது உங்கள் கையில் எட்டு முகங்கள் இருக்கின்றன. துணியைப் பெயிண்டின்மேல் வைத்து, கையின் பாரம் மட்டும் விழும்படி நேர்கோட்டில் ஒரே இழுப்பாக இழுங்கள். தூக்கித் திருப்பிப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை படிந்திருக்கும். அந்த முகத்தின் கதை அதோடு முடிந்தது. அடுத்த முகத்துக்குத் திருப்புங்கள். எட்டும் அழுக்கானால் துணியைத் தனியே ஓரமாகப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை எடுங்கள். அழுக்குத் துணியை மறுபடி வாளியில் நனைத்தால், அதிலிருந்த மணல் நல்ல துணிகளுக்கெல்லாம் போய்ச் சேரும். வட்டமாகச் சுழற்றித் தேய்க்கும் பழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஈரம் இருக்கும்போதே உலர்ந்த பெரிய துண்டை விரித்துப் போட்டு, மெதுவாக ஒற்றி எடுங்கள். பிறகு அடுத்த பகுதி.

கூரை, கண்ணாடி, பானட், கதவுகளின் மேல்பாதி என்று இறங்கி வந்து, கதவுகளின் அடிப்பகுதியையும் பம்பர்களையும் கடைசியில் வையுங்கள். காரின் பின்பக்கத்தில் அழுக்கு எப்போதும் கூடுதல். ஓடும்போது பின்னால் சுழலும் காற்று சாலைத் தூசியை அங்கேதான் கொண்டுவந்து அப்புகிறது. அங்கே ஊறும் நேரத்தையும் துணிகளையும் கஞ்சத்தனம் இல்லாமல் செலவிடுங்கள். சக்கரங்களுக்கு வேறு வாளி, வேறு துணி. பிரேக்கிலிருந்து உதிரும் தூளில் இரும்புத் துகள் உண்டு. அந்தத் துணி பெயிண்டுப் பக்கமே வரக்கூடாது.

துணி கை தவறித் தரையில் விழுந்தால்? அதற்கு அன்றைய வேலை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் இரண்டு உதறு உதறிவிட்டு அதையே பானட்டில் இழுத்தேன். சர்ரென்று ஒரு சத்தம். ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. பாலிஷ் போட்டும் பாதிதான் மறைந்தது.

துணிகளைத் துவைக்கும்போது மற்றத் துணிகளோடு சேர்க்காதீர்கள். பஞ்சும் நூலும் ஒட்டிக்கொள்ளும். துணியை மிருதுவாக்கும் திரவத்தையும் சேர்க்க வேண்டாம், இழைகள் அழுக்கைப் பிடிக்கும் தன்மையை இழந்துவிடும். அதிகச் சூட்டில் உலர்த்தினால் அந்த இழைகள் உருகி விறைத்துப்போகும். சாதாரணமாகக் காற்றில் உலர்த்தி, தூசி படாமல் மூடி வையுங்கள்.