மூன்று தலைமுறைக்கும் ஒரே கர்ணன்: 45 நிமிட மேடை நாடகம் எழுதும் முறை

கோயில் திருவிழாவோ கல்லூரி ஆண்டு விழாவோ குடியிருப்புச் சங்கத்தின் பொங்கல் விழாவோ, கர்ணன் கதையை எடுத்தால் கூட்டம் சேரும். ஆனால் வந்து உட்காருகிறவர்கள் ஒரே கர்ணனைப் பார்க்க வருவதில்லை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அவன் 1964-இல் திரையில் வந்த சிவாஜி, கொடுத்துச் சிவந்த கை. நாற்பது, ஐம்பதுகளில் இருப்பவர்களுக்கு 1991-இல் ‘தளபதி’யாக வந்த நண்பன். இருபதுகளில் இருப்பவர்களுக்கோ அந்தப் பெயர் 2021-இல் வந்த ‘கர்ணன்’ படத்துக்குப் பிறகு வேறு சூடு கொண்டது: பிறப்பைச் சொல்லி மிதிப்பவர்களை எதிர்த்து நிற்கும் கிராமத்து இளைஞன். கொடை, நட்பு, மானம் என்று மூன்று எதிர்பார்ப்புகள் ஒரே பந்தலுக்குள் இருக்கின்றன.

புதிய பார்வை என்றதும் பலர் கதையை மாற்றப் போவார்கள். கண்ணனை வில்லனாக்குவார்கள், கர்ணனைச் சாகாமல் விடுவார்கள். அந்த நொடியில் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். நடந்ததை மாற்றாதீர்கள். அவனிடம் கேட்கப்படும் கேள்வியை மாற்றுங்கள். இந்த முறைக்கு அதுவே அடிப்படை.

எழுதுவதற்கு முன் பன்னிரண்டு பேரிடம் பேசுங்கள், தலைமுறைக்கு நான்கு பேர். மூன்று கேள்வி போதும்: கர்ணன் என்றதும் முதலில் கண்ணில் வரும் காட்சி எது? எதைத் தொட்டால் உங்களுக்குப் பொறுக்காது? அவன்மேல் எங்கே கோபம் வருகிறது? பதில்களை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். மூன்றாவது கேள்விதான் தங்கம். இளம்பெண்களிடம் கேட்டால் பெரும்பாலும் சூதாட்ட மண்டபத்தில் வந்து நிற்பார்கள். அது நியாயமான கோபம். வியாச பாரதத்தில் திரௌபதியை இழிசொல்லால் அழைத்து, அவள் ஆடையைக் களையச் சொல்பவன் கர்ணன்தான். தமிழ் மேடை இதை நெடுநாளாகப் பூசி மெழுகி வந்திருக்கிறது.

பூசி மெழுகாமலும் அவனை வெறும் அயோக்கியனாக்காமலும் இருக்க மூலத்திலேயே வழி இருக்கிறது. போருக்கு முன் கண்ணன் தனியே அழைத்துப் பிறப்பைச் சொல்லும்போது, துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவர்களைக் கடுஞ்சொல் பேசியதற்காக இன்று வருந்துகிறேன் என்கிறான் கர்ணன். அந்த ஒரு வரிதான் நாடகத்தின் முதுகெலும்பு. குற்றத்தை மேடையில் காட்டுங்கள், பிறகு அவன் வாயாலேயே வருந்தச் செய்யுங்கள். இடையில் யாரும் அவனுக்காக வக்காலத்து வாங்கக் கூடாது.

நேரத்தைக் கறாராகப் பிரியுங்கள். வில்வித்தை அரங்கேற்றம் 9 நிமிடம், சூதாட்ட மண்டபம் 7, இந்திரன் கவச குண்டலம் கேட்பது 6, கண்ணனும் குந்தியும் 10, கர்ணனின் மனைவி பொன்னுருவி 5, பதினேழாம் நாள் போர் 8. திரௌபதி சுயம்வரத்தை விட்டுவிடலாம், ஆளும் நேரமும் விழுங்கும். பரசுராமர் சாபத்தைப் போர்க்களத்தில் ஒரே வசனத்தில் சொல்லிவிடலாம். புண்ணியத்தைத் தாரை வார்ப்பதை மட்டும் தொடவே தொடாதீர்கள். வில்லிபாரதம் வழியாக வந்த அந்தக் காட்சியில், வேதியனாக வந்த கண்ணனுக்குத் தன் குருதியையே நீராக வார்த்து அவன் புண்ணியம் முழுவதையும் கொடுக்கிறான். அதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

அரங்கேற்றக் காட்சியில் பலர் தவறவிடும் ஓர் இடம் இருக்கிறது. கர்ணனுக்கு அங்க நாட்டு முடி சூட்டி அபிஷேகம் செய்த கையோடு, வளர்த்த தகப்பன் அதிரதன் கோலூன்றி, வியர்த்து, நடுங்கிக்கொண்டே உள்ளே வருகிறார். முடிசூட்டு நீர் இன்னும் காயாத தலையோடு கர்ணன் அவர் காலில் விழுகிறான். பீமன் அவனைத் தேரோட்டி மகன் என்று ஏளனம் செய்வது அதற்குப் பிறகுதான். இதை வசனமில்லாமல் நடிக்க விடுங்கள். தலையில் உண்மையாகவே அரைச் செம்பு நீர் ஊற்றுங்கள். விழும்போது அது பெரியவரின் பாதத்தில் சொட்ட வேண்டும். மூன்று தலைமுறைக்கும் ஒரே நேரத்தில் தொண்டை அடைக்கும் இடம் இது.

வசனம் மொத்தம் 2,800 சொல்லைத் தாண்டக் கூடாது. மீதி நேரத்தைப் பாட்டும் சண்டையும் மௌனமும் எடுத்துக்கொள்ளும். மொழியில்தான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன. எல்லோருக்கும் அடுக்குமொழி கொடுத்தால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள், எல்லோருக்கும் பேச்சுமொழி கொடுத்தால் பெரியவர்களுக்குப் புராணம் பார்த்த நிறைவு இல்லை. நம் தெருக்கூத்து இதற்கு என்றைக்கோ விடை வைத்திருக்கிறது: கதையை நடத்திக்கொண்டே கேலியும் பேசும் கட்டியங்காரன். அரசர்கள் செந்தமிழில் பேச, அவன் மட்டும் இன்றைய தெருப்பேச்சில் குறுக்கிடலாம். புதிய கேள்வியை அவன் வாயில் வையுங்கள். சூதாட்ட மண்டபத்தில் இப்படி:

“களத்துல உன்னைப் பார்த்து ‘யாரு பெத்த புள்ளை’ன்னு கேட்டப்ப சுட்டுச்சே ராஜா! இப்ப ஒருத்திய நடுச்சபைக்கு இழுத்துட்டு வந்திருக்காங்க. நீ என்ன சொல்லிட்டு நிக்கிற?”

கர்ணன் பதில் சொல்லக் கூடாது. மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை மௌனம், பிறகு விளக்கை இறக்குங்கள். பதில் எழுதினால் சமாதானமாகிவிடும். கட்டியங்காரனுக்கு இப்படி மூன்று இடம் போதும். நான்காவது முறை வந்தால் அவன் பிரசங்கி ஆகிவிடுவான். அவனுக்குக் கைப்பேசி நகைச்சுவையும் வேண்டாம், அந்தக் கனம் மறுபடி திரும்பாது.

பொன்னுருவி கூத்து தந்த பாத்திரம். ‘கர்ண மோட்சம்’ கூத்தில் போருக்குப் புறப்படும் கணவனோடு அவள் செய்யும் தர்க்கம் விடிய விடிய ஆடுகிற ஆட்டத்தின் உச்சங்களில் ஒன்று. ஐந்து நிமிடமே இருக்கிறது என்பதால் அவளை அழ மட்டும் விடாதீர்கள். நட்புக்காக உயிர் கொடுக்கிறவன் மனைவிக்கு என்ன வைத்துவிட்டுப் போகிறான் என்று அவள் கேட்க வேண்டும்.

இனி கவசம். அது கழலும் காட்சிதான் நாடகத்தின் பெரிய படம், அதனால் கடையில் வாடகைக்கு எடுக்காதீர்கள். 6 மி.மீ. ஃபோம் ஷீட் வாங்குங்கள். நடிகர்மேல் செய்தித்தாளை ஒட்டி அளவெடுத்து, முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டாக வெட்டுங்கள். ஹீட் கன் கொண்டு சூடாக்கி, சூடாக இருக்கும்போதே மடிந்த தொடைமேல் அழுத்தினால் மார்பின் வளைவு வரும். ஃபெவிகாலும் நீரும் சம அளவு கலந்து மூன்று பூச்சு பூசுங்கள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. இதை விட்டால் ஃபோம் பெயிண்டைக் குடித்துவிடும், வளையும் இடமெல்லாம் வெடிக்கும். கடைசியில் தங்க நிற ஸ்ப்ரே பெயிண்ட், திறந்த வெளியில் அடிக்க வேண்டும். தெர்மகோலில் செய்ய நினைத்தால், ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் அதை அரித்துக் குழிகுழியாக்கிவிடும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு பக்கத்தையும் விலாவில் வெல்க்ரோ வைத்து இணையுங்கள். பிரியும்போது அது எழுப்பும் கரகர ஒலி மைக்கில் தோல் உரியும் ஓசையாகவே கேட்கும். உட்புறம் சிவப்புப் பட்டுத் துணி ஒட்டுங்கள். கவசம் விரியும்போது அந்தச் சிவப்பு திடீரென்று தெரிந்தால் போதும். சாயத்தை ரத்தமாக ஊற்றினால் அடுத்த காட்சிக்கு உடை மாற்ற நேரமிருக்காது, தரையும் வழுக்கும். காலர் மைக்கைக் கவசத்தில் குத்தாதீர்கள், உரசி இரையும். நெற்றி மயிரோரத்தில் டேப் போட்டு ஒட்டி, ஒயரைப் பின்கழுத்து வழியாக இறக்குங்கள்.

நிகழ்ச்சிக்கு ஏழு நாள் முன்பாக முழு ஒத்திகை வையுங்கள். முதலில் பேசிய பன்னிரண்டு பேரையும் அழைத்து, வயது கலந்து உட்காரவையுங்கள். ஒருவர் மேடையைப் பார்க்காமல் அவர்களை மட்டும் பார்த்துக் குறிப்பெடுக்கட்டும்: யார் எந்த வசனத்தில் கைப்பேசியை எடுத்தார், யார் பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து பேசினார். குந்தி காட்சியில் இளைஞர்கள் நெளிந்தால் வசனம் நீளம் என்று பொருள், பாதியாக வெட்டுங்கள். கட்டியங்காரன் கேள்வியில் பெரியவர்கள் முகம் சுளித்தால் வெட்டாதீர்கள். தொடர்ந்து, கண்ணனிடம் அவன் வருந்தும் இடம்வரை அவர்களையே கவனியுங்கள். அங்கே முகம் இளகவில்லை என்றால் பிழை கேள்வியில் இல்லை, அந்த வருத்தத்தை நடிகர் அவசரமாகச் சொல்லிவிட்டார். அந்த வரியை மட்டும் மீதியுள்ள ஆறு நாளும் பழக்குங்கள்.