குடும்பத்துக்கும் செல்லப்பிராணிக்கும் இன்சூரன்ஸ் தேவையா? பினாங்கில் இருந்து கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

மெடிக்கல் கார்டுக்கு, அதாவது தனியார் மருத்துவக் காப்புறுதிக்கு, மாதம் 250 ரிங்கிட் கட்டுவது லாபமா நஷ்டமா என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்தச் செலவு வந்தால் உங்கள் வீடு ஆட்டம் காணும், அந்தப் பணம் வேறு எங்கிருந்தாவது வர வழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். குடும்பத்துக்கும் இதே கேள்விதான், வீட்டில் இருக்கும் நாய்க்கும் பூனைக்கும் இதே கேள்விதான்.

ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கால்குலேட்டர், கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இவ்வளவு போதும். பினாங்கில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கோலாலம்பூரில் இருந்தாலும் கணக்கு இதேதான்.

முதல் படி: ஏற்கெனவே கையில் இருப்பதை எழுதுங்கள்

புதிதாக எதையும் வாங்கும் முன், சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) பிடிக்கிறார்களா? அப்படியென்றால் வேலை தொடர்பான விபத்துக்கும், நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போகும் நிலைக்கும் உங்களுக்கு ஏற்கெனவே ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது. தகுதி உள்ள சந்தாதாரர்களுக்கு டயாலிசிஸ் உதவிகூட உண்டு. இல்லத்தரசிகளுக்கென்று 2022 டிசம்பரில் தொடங்கிய சொக்சோ திட்டம் ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 120 ரிங்கிட்தான். 55 வயதுக்கு உட்பட்ட அம்மாக்கள், அக்காக்கள் பலர் இன்னும் இதில் பதியாமல் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் இந்த வாரமே விசாரியுங்கள்.

அடுத்தது கம்பெனி இன்சூரன்ஸ். மனிதவளப் பிரிவில் கேட்டு, வருட வரம்பு எவ்வளவு, மனைவி பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்களா என்று எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே “வேலை இருக்கும்வரை மட்டும்” என்றும் எழுதுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்: ஆட்குறைப்பு வந்தால் கார்டும் சேர்ந்தே போய்விடும். 50 வயதில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் வந்த பிறகு சொந்தமாக ஒன்று எடுக்கப் போனால், பெரும்பாலும் அந்த நோய்களை விலக்கிவிட்டுத்தான் தருவார்கள், அல்லது தரவே மாட்டார்கள்.

கடைசியாக அரசாங்க ஆஸ்பத்திரி. ஜார்ஜ் டவுன் ஜெனரல் ஆஸ்பத்திரியானாலும் செபராங் ஜெயா ஆஸ்பத்திரியானாலும், குடிமக்களுக்கு வெளிநோயாளி கட்டணம் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். இதை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். இருதயம், புற்றுநோய், விபத்து எல்லாவற்றுக்கும் நல்ல மருத்துவர்கள் அங்கே இருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லாத அறுவை சிகிச்சைக்குத்தான் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். தனியார் மெடிக்கல் கார்டு பெரும்பாலும் அந்தக் காத்திருப்பைக் குறைக்கவும், மருத்துவரை நாமே தேர்ந்தெடுக்கவும் கொடுக்கும் விலை.

இரண்டாம் படி: சம்பாதிப்பவரிடமிருந்து தொடங்குங்கள்

நம் வீடுகளில் குழந்தை பிறந்ததும் குழந்தை பெயரில் ஒரு பாலிசி எடுத்துவிடுகிறோம். பாசம் புரிகிறது. ஆனால் குழந்தை சாப்பிடுவதும் படிப்பதும் அப்பா அம்மாவின் சம்பளத்தில். அந்தச் சம்பளம் நின்றால் குழந்தையின் பாலிசிக்கே பணம் கட்ட ஆள் இருக்காது. அதனால் முதலில் சம்பாதிப்பவரின் உயிருக்கும் உழைக்கும் திறனுக்கும் காப்புறுதி, அப்புறம்தான் மற்றவை.

எவ்வளவு தேவை? கடைசிப் பிள்ளைக்கு 7 வயது, 20 வயதுவரை பார்த்துக்கொள்ள வேண்டும், குடும்பச் செலவு மாதம் 2,500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 2,500 பெருக்கல் 12 பெருக்கல் 13, அதாவது 390,000 ரிங்கிட். இதிலிருந்து சேமநிதியில் இருப்பதையும் கம்பெனி தரும் இறப்புத் தொகையையும் கழியுங்கள். வீட்டுக் கடனுக்கு ஏற்கெனவே காப்புறுதி எடுத்திருந்தால் கடன் பாக்கியை இதில் சேர்க்க வேண்டாம். எடுக்கவில்லை என்றால் பாக்கித் தொகையையும் கூட்டிக்கொள்ளுங்கள். வருவதுதான் உங்கள் இலக்கு.

இந்த அளவு பாதுகாப்பைக் குறைந்த விலையில் தருவது, குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் செல்லும் சாதாரண ஆயுள் காப்புறுதி. முடிவில் ஒரு காசும் திரும்பி வராது. “கட்டின பணம் திரும்பி வரும்” என்று சொல்லி விற்கும் சேமிப்புத் திட்டங்களில் அதே பிரீமியத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மிகச் சிறியது. இளம் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது முதல் வகையைத்தான். கையில் பணமே இல்லை என்பவர்கள், ஊழியர் சேமநிதியின் ஐ-லிண்டுங் திட்டம் வழியாக, சேமநிதியில் உள்ள செஜாத்ரா என்ற உட்கணக்கிலிருந்தே ஆயுள் காப்புறுதியும் கடும்நோய்க் காப்புறுதியும் வாங்க முடியும். முதுமைக்கான பணம் குறையும் என்பதையும் நினைவில் வைத்து முடிவெடுங்கள்.

மூன்றாம் படி: மெடிக்கல் கார்டை 60 வயதில் வைத்துப் பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். 30 வயதில் எடுக்கும்போது எல்லாக் கார்டும் மலிவாகத்தான் தெரியும். வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். அதோடு மருத்துவச் செலவு உயர்வதால் கம்பெனிகள் அவ்வப்போது விலையை மொத்தமாகவும் மாற்றும். 2024 கடைசியில் அப்படிப் பலருக்கு ஒரேயடியாக ஏறியபோது நாடு முழுக்கப் புகார் கிளம்பியது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, அந்த உயர்வைக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குப் பிரித்து வசூலிக்கச் சொன்னது. உயர்வு நிற்கவில்லை, வேகம்தான் குறைந்தது. வேலையை விட்டு, வருமானமும் குறைந்து, நோய் எட்டிப் பார்க்கும் வயதில்தான் கார்டு மிகவும் தேவைப்படும். அந்த வயதில் கட்ட முடியாமல் விட்டுவிட்டால், அதற்கு முன் 25 வருடம் கட்டியது நமக்கு உதவாமலே போய்விடும்.

அதனால் ஏஜெண்டிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: “அண்ணா, 50 வயதில் எவ்வளவு, 60-இல் எவ்வளவு, 70-இல் எவ்வளவு? அட்டவணையைக் காட்டுங்கள்.” முதலீட்டோடு இணைந்த பாலிசி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. அதில் நீங்கள் கட்டும் பணம் யூனிட்டுகளாக மாறி, மாதாமாதம் அதிலிருந்துதான் மருத்துவக் கட்டணத்தைக் கழிக்கிறார்கள். யூனிட் தீர்ந்தால் பாலிசி செயலிழந்துவிடும். “இந்தப் பிரீமியத்தில் எந்த வயதுவரை தாங்கும்?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏஜெண்ட் சித்தப்பா மகனாக இருந்தாலும் கேளுங்கள். நல்ல ஏஜெண்ட் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

60 வயதுத் தொகை கட்டுப்படியாகாது என்று தெரிந்தால், கூட்டுக் கட்டணம் உள்ள திட்டத்தைப் பாருங்கள். பில்லில் ஒரு பகுதியை நாம் கட்டுவது, அதனால் பிரீமியம் குறைவது. 2024 செப்டம்பரிலிருந்து கம்பெனிகள் இந்தத் தேர்வையும் கட்டாயம் தர வேண்டும். 20,000 ரிங்கிட் பில்லில் 5 விழுக்காடு என்றால் நம் பங்கு 1,000. இந்த ஆயிரத்தைச் சேமிப்பில் வைத்துக்கொள்ள முடிகிற குடும்பத்துக்கு இது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. அவசர சிகிச்சைக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் பெறும் சிகிச்சைக்கும் இந்தப் பங்கு பொருந்தாது.

வருட வரம்பு, அறை வாடகை வரம்பு இரண்டையும் பார்த்துவிட்டு, காத்திருப்புக் காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக முதல் 30 நாட்களுக்கு விபத்து தவிர எதற்கும் கிடைக்காது. இரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயநோய், கட்டி, கல் போன்ற பட்டியலிட்ட நோய்களுக்கு 120 நாட்கள். வருமான வரியில் கல்வி, மருத்துவக் காப்புறுதி இரண்டுக்கும் சேர்த்து 2025 வரி ஆண்டிலிருந்து 4,000 ரிங்கிட்வரை கழிவு உண்டு. வரிக்காக மட்டும் கார்டு எடுக்காதீர்கள்.

நான்காம் படி: பாரத்தில் உண்மையை எழுதுங்கள்

சர்க்கரை, ஆஸ்துமா, பழைய ஆபரேஷன், கிளினிக்கில் எப்போதோ சொன்ன கொழுப்பு என்று எதையும் மறைக்க வேண்டாம். “சின்ன விஷயம், எழுத வேண்டாம்” என்று யாராவது சொன்னால் பேனாவை நீங்களே வாங்கி எழுதுங்கள். கிளைம் வரும் நாளில் கம்பெனி பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்கும். அன்று பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

ஐந்தாம் படி: நாய், பூனைக்கு வருவோம்

குடும்பத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரி என்ற தாங்கல் இருக்கிறது. ஜிம்மிக்கும் மணிக்கும் அந்த அளவுக்குத் தாங்கல் இல்லை. தனியார் விலங்கு கிளினிக்கில் முழுப் பில்லும் நம் பொறுப்பு. மருத்துவர் ஒரு தொகையைச் சொல்லி, “செய்யலாமா?” என்று கேட்கும் நேரத்தில், பிள்ளைகள் அழுதுகொண்டு பக்கத்தில் நிற்கும்போது, யாராலும் நிதானமாக முடிவெடுக்க முடியாது. அதனால் அந்தத் தொகையை இன்றே பேசிவிடுங்கள்: நம் பூனைக்கு ஒரு தடவை அதிகபட்சம் எவ்வளவு செலவு செய்ய நம்மால் முடியும்? 1,000 என்றாலும் 5,000 என்றாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட எண்ணாக இருக்கட்டும்.

பிறகு நீங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கிலேயே விலை கேளுங்கள். நாய்க்கு பார்வோ வைரஸ் நோய் வந்து ஒரு வாரம் வார்டில் இருந்தால் எவ்வளவு? உண்ணிக் காய்ச்சலுக்கு? கார் மோதிக் கால் உடைந்தால்? ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால்? நம் வெயிலிலும் மழையிலும் அடிக்கடி வருபவை இவைதான்.

காப்புறுதிக்கு முன் தடுப்புக்குப் பணம் ஒதுக்குங்கள். தடுப்பூசி, கருத்தடை, மாதாந்திர உண்ணி மருந்து, நாய்க்கு இதயப்புழு மருந்து ஆகியவைதான் பெரிய பில்லைத் தள்ளிப்போடும். இவற்றுக்குப் பெரும்பாலான பெட் இன்சூரன்ஸ் பணம் தராது. 2015-இல் வெறிநாய்க்கடி நோய் வந்து பினாங்கே கலங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். நாய்க்கு உரிமமும் தடுப்பூசி அட்டையும் கட்டாயம் கையில் இருக்கட்டும். கருத்தடைக்கு ஜாலான் ஜெட்டி ஜெலுத்தோங்கில் இருக்கும் விலங்குவதைத் தடுப்புச் சங்கமான எஸ்பிசிஏ-வில் விசாரிக்கலாம்.

இப்போது கணக்கு. மலேசியாவில் பெட் இன்சூரன்ஸ் தருபவர்கள் இன்னும் சிலர்தான், ஓயென் அதில் ஒன்று. உதாரணத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 400 ரிங்கிட், பில்லில் 80 விழுக்காடு திரும்பக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 வருடத்தில் கட்டுவது 3,200. இடையில் ஒரு தடவை 4,000 ரிங்கிட் பில் வந்தால் திரும்பக் கிடைப்பதும் 3,200. சரிக்குச் சரி. அப்படியென்றால் எதற்கு எடுக்க வேண்டும்? பில் எந்த வருடம் வரும் என்று தெரியாததால். அதே 400-ஐ வருடாவருடம் வங்கியில் போட்டுவந்தால் எட்டாவது வருடம் 3,200 இருக்கும். இரண்டாவது வருடத்திலேயே அடிபட்டால் இருப்பது 800 மட்டும்.

ஆகவே அவசரத்துக்கு 4,000, 5,000 ரிங்கிட் தனியாக வைத்திருப்பவர்கள் பெட் இன்சூரன்ஸ் இல்லாமலே சமாளிக்கலாம். குட்டி இப்போதுதான் வந்திருக்கிறது, சேமிப்பு இல்லை, ஆனால் சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் முதல் சில வருடங்களுக்காவது எடுங்கள், கூடவே ஒரு தனிக் கணக்கில் சேமியுங்கள். வயதான பிராணிக்குப் புதிதாக எடுப்பதில் பயன் குறைவு. சேர்வதற்கு வயது வரம்பு உண்டு, ஏற்கெனவே இருக்கும் நோயும் சேராது. கூட்டு (சீட்டு) கட்டிய பணத்தை இதற்கு நம்பாதீர்கள். 1971 சட்டப்படி கூட்டு நடத்துவது குற்றம், யாராவது ஓடிவிட்டால் கேட்க வழியில்லை.

கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் பாருங்கள். பெரும்பாலும் நாம் முதலில் பில்லைக் கட்டிவிட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும், அதனால் இன்சூரன்ஸ் இருந்தாலும் ரொக்கமோ கிரெடிட் கார்டோ தேவை. பிராணிக்கு மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். நாய் யாரையாவது கடித்துவிட்டால் அந்த நஷ்டஈட்டையும் ஏற்கும் திட்டமா என்றும் கேளுங்கள். நெருக்கமான தாமான் வீடுகளில் நாய் வளர்ப்பவர்களுக்கு, என்னைப் பொறுத்தவரை, சிகிச்சைச் செலவைவிட இது பெரிய பாதுகாப்பு.

ஆறாம் படி: பாலிசி கைக்கு வந்த பிறகு

ஆயுள், மருத்துவப் பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாட்கள் உங்களுக்கு அவகாசம் உண்டு. அதற்குள் படித்துப் பார்த்து, சொன்னதற்கும் எழுதியிருப்பதற்கும் பொருந்தவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். கிளைமில் தகராறு வந்தால் முதலில் கம்பெனியின் புகார்ப் பிரிவு, அங்கே தீராவிட்டால் 2025-இலிருந்து செயல்படும், இத்தகைய தகராறுகளைத் தீர்க்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவை. பொதுமக்களிடம் அங்கே கட்டணம் வாங்குவதில்லை.

வாரிசு நியமனத்தையும் அதே வாரம் முடியுங்கள். முஸ்லிம் அல்லாதவர் மனைவி, கணவன் அல்லது பிள்ளைகளை நியமித்தால் அந்தத் தொகை அவர்களுக்கான அறக்கட்டளைப் பணமாகிவிடும், கடன்காரர்கள் கை வைக்க முடியாது. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றினார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாலிசி எண்ணையும் அவசரத் தொலைபேசி எண்ணையும் மனைவி கைபேசியிலும் கணவர் கைபேசியிலும் ஏற்றிவிட்டு, பிராணியின் தடுப்பூசி அட்டையையும் அதே ஃபைலில் போட்டு வையுங்கள்.