தெரபி, ஆன்மிக வழிகாட்டுதல்: போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

தூக்கம் கெட்டுவிட்டது, வேலையில் மனம் ஒட்டவில்லை, பழைய சம்பவம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து வதைக்கிறது என்றால் முதலில் தெரபிஸ்ட்டிடம், அதாவது பேச்சின் வழியாக மனநல சிகிச்சை தருபவரிடம் போங்கள். அன்றாட வாழ்க்கை ஓடுகிறது, ஆனால் ஜெபம் வறண்டுவிட்டது, கடவுள் எங்கே போனார் என்று தெரியவில்லை என்றால் அது ஆன்மிக வழிகாட்டியிடம் கொண்டுபோக வேண்டிய விஷயம். தற்கொலை எண்ணம், காதில் குரல் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமலே பொங்கும் உற்சாகம் இருந்தால் இந்த இரண்டுக்கும் முன்பு மனநல மருத்துவரைப் பாருங்கள், அன்றைக்கே.

தெரபியின் முதல் சந்திப்பு பலரையும் ஏமாற்றிவிடும். 45 முதல் 50 நிமிடத்தில் பெரும்பகுதி கேள்விகளிலேயே போய்விடும்: குடும்பம், உடல்நலம், மருந்து, குடிப்பழக்கம், முன்பு எடுத்த சிகிச்சை. மனச்சோர்வின் அறிகுறிகளை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற படிவத்தையும் கொடுக்கலாம். கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று விரிவாக விசாரிப்பார். அந்த எண்ணை மட்டும் வைத்து நோய் இருக்கிறது என்று முடிவுகட்ட மாட்டார். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் போன்ற எண்ணங்களைப் பற்றியது. வெட்கப்பட்டு அதில் பூஜ்யம் போடாதீர்கள். உங்களுக்கு எவ்வளவு சீக்கிரம், என்ன உதவி வேண்டும் என்பதை அந்த விடையை வைத்துத்தான் அவர் தீர்மானிக்கத் தொடங்குவார்.

ரகசியம் காக்கப்படும், எல்லையோடு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு ஆகியவை பொதுவாக விதிவிலக்கு. அந்த எல்லை எது, கட்டணம் எவ்வளவு, வராமல் போனால் என்ன ஆகும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

எண்ணங்களையும் நடத்தையையும் சோதித்து மாற்றப் பழக்கும் சிபிடி என்னும் தெரபி முறையில் வாரம் ஒரு முறை என்று பெரும்பாலும் 12 முதல் 20 சந்திப்புகள் வரும். வீட்டுப்பாடம் உண்டு. தோழி போனை எடுக்கவில்லை என்று வையுங்கள். 'என்னை வெறுத்துவிட்டாள்' என்று தோன்றிய எண்ணத்தை எழுதி, அதை எத்தனை சதவீதம் நம்புகிறீர்கள் என்று குறிக்கிறீர்கள்: 80. அதற்கு ஆதரவான சான்று, எதிரான சான்று, பிறகு மறுபடியும் சதவீதம். 80 என்பது 50க்கு இறங்கினாலே அன்றைய வேலை நடந்துவிட்டது; பூஜ்யத்துக்கு வர வேண்டியதில்லை. வாரக் கடைசியில் ஒரே மூச்சில் எழுதினால் பயனில்லை, அதற்குள் அந்த நேரத்து எண்ணம் மறந்து, நமக்கு நாமே சொல்லிக்கொண்ட சமாதானம்தான் மிஞ்சியிருக்கும்.

ஆரம்பத்தில் சில நாள் மனம் முன்பைவிடக் கனக்கலாம். மூடிவைத்ததைத் திறக்கும்போது அது சகஜம். முக்கியமான விஷயத்தைக் கடைசி 5 நிமிடத்தில் சொல்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. உட்கார்ந்ததுமே, 'இன்று சொல்லக் கஷ்டமான ஒன்று இருக்கிறது' என்று ஆரம்பித்துவிடுங்கள். தெரபிஸ்ட் சொன்னது புண்படுத்தினால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். 'போன வாரம் நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது' என்று அவரிடமே சொல்லுங்கள். நல்லவர் என்றால் காது கொடுத்துக் கேட்பார். உறவில் விழும் விரிசலைச் சரிசெய்வதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். ஐந்தாறு சந்திப்புக்குப் பிறகும் எதை நோக்கிப் போகிறோம் என்றே புரியவில்லை என்றால் கேளுங்கள். அதன் பிறகும் தெளிவில்லையென்றால் ஆளை மாற்றலாம்.

ஆன்மிக வழிகாட்டுதலின் நடை வேறு. பெரும்பாலும் மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம். சில நிமிட மௌனத்தில் தொடங்கலாம். நோய்க்குப் பெயர் வைப்பதில்லை, தீர்வு எழுதிக் கொடுப்பதில்லை. 'அந்தக் கோபத்தோடு இறைவனிடம் பேசினீர்களா?' என்று கேட்டுவிட்டு வழிகாட்டி காத்திருப்பார். கிறிஸ்தவ மரபில் இது பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது அல்ல. கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது என்ற அதற்குரிய ரகசிய முத்திரை தானாகவே இங்கே பொருந்தாது என்பதால் ரகசியம் பற்றி இங்கும் கேட்க வேண்டும். போவதற்கு முந்தைய நாள், அந்த மாதத்தில் மனம் விரிந்த ஒரு தருணத்தையும் சுருங்கிய ஒரு தருணத்தையும் குறித்துக்கொண்டு போனால் போதும். இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் வகுத்த விதி ஒன்று இன்றும் கைகொடுக்கிறது: உள்ளம் வறண்ட நேரத்தில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றாதே.

வறட்சியையும் மனச்சோர்வையும் குழப்பிக்கொள்வது ஆபத்து. ஜெபத்தில் மட்டும் சுவை போயிருந்தால் வழிகாட்டியோடு பேசலாம். சாப்பாடு, சிரிப்பு, நட்பு எல்லாவற்றிலும் சுவை போய் 2 வாரம் நீடித்தால் தெரபிஸ்ட்டையோ மருத்துவரையோ பாருங்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: கோபம் ஆறும் முன்பே 'மன்னித்துவிட்டேன்' என்று பக்தியால் மூடிவைப்பது. அதை மெல்லத் திறந்து காட்டுபவரே நல்ல வழிகாட்டி. மருந்தை நிறுத்தச் சொல்பவர், கேள்வி கேட்காமல் கீழ்ப்படியச் சொல்பவர், பணமோ தொடுகையோ கேட்பவர் யாராக இருந்தாலும் அன்றோடு நிறுத்திவிடுங்கள், நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு இடத்துக்கும் போகிறீர்கள் என்றால் இருவருக்கும் அது தெரிய வேண்டும். அவர்கள் தங்களுக்குள் பேச உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும்; எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சம்மதத்தைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.