ஆடியில பில்லு, ஆவணியில பூஜை: மலைக்காரங்க ஹைபிரிட் கார் வாங்கறது எப்படி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இருக்கறவங்க ஹைபிரிட் எடுக்கலாமா, எப்ப எடுக்கலாம், எவ்ளோ குறைப்பாங்கன்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் ஒரே மூச்சுல எழுதிடறேன்.

ஹைபிரிட்னா பெட்ரோல் இன்ஜினோட பேட்டரியில ஓடற மோட்டாரும் இருக்கற வண்டி. முதல்ல, எந்த ஹைபிரிட்னு தெளிவா இருங்க. மைல்ட், ஸ்மார்ட்னு சொல்றதெல்லாம் பெட்ரோல் வண்டி தான், மோட்டார் சும்மா ஒரு கை குடுக்கும், தனியா வண்டிய நகத்தாது. ஸ்ட்ராங் ஹைபிரிட் தான் இன்ஜின அணைச்சுட்டு மோட்டார்லயே ஓடும். மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ரெண்டுமே ஒரே பேர்ல ரெண்டு வகையும் வருது, சேல்ஸ் பையன் "எல்லாமே ஹைபிரிட் தான் சார்"னு சொல்லிட்டு போயிருவான், கொட்டேஷன்ல எதுன்னு எழுதி வாங்கிக்கங்க.

அடுத்தது மைலேஜ். இந்த ரெண்டு வண்டியோட ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கும் கம்பெனி சொல்றது லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அது டெஸ்ட்ல வந்த கணக்கு, நம்ம ரோட்டுல வர்றது வேற. கல்லார் தாண்டினா குன்னூர் வரைக்கும் ஏத்தம் தான், பேட்டரியோ ரொம்ப சின்னது, கொஞ்ச தூரத்துலயே சார்ஜ் கீழ வந்துரும், அப்பறம் இன்ஜின் தான் கத்திகிட்டே இழுக்கணும், அதுலயும் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு, டர்போ இல்லாத இன்ஜினுக்கு அங்க கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு பவர் போயிரும். இறங்கும்போது சார்ஜ் ஏறும், உண்மை தான், ஆனா பாதி மலை இறங்கறதுக்குள்ள ஃபுல் ஆயிரும், மிச்ச இறக்கத்துல வர்ற சக்திய வெக்க இடம் இல்ல. அப்ப கியர்ல B போட்டு (பார்க்கிங் P இல்ல, இன்ஜினால வேகத்த அடக்கற B) இறங்கணும், பிரேக்க மட்டும் நம்பி இறங்காதீங்க. சனவரி உறைபனியில காலைல ஸ்டார்ட் பண்ணா, இன்ஜின் சூடாகற வரைக்கும் அணையவே அணையாது.

அப்ப எங்க தான் லாபம்னா, சீசன் டைம்ல ஊட்டி சேரிங் கிராஸ்ல நகரவே நகராம நிக்கறோமே, அங்க. அங்க இன்ஜின் பாதி நேரம் ஆஃப்ல தான் இருக்கும். அதனால டெஸ்ட் டிரைவ் கோயமுத்தூர் அவினாசி ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து முடிச்சுராதீங்க. வீட்டாளுங்க நாலு பேர ஏத்திகிட்டு மேட்டுப்பாளையத்துல இருந்து பர்லியார் வரைக்கும் ஏத்தி பாக்கணும்னு சொல்லுங்க, முடியாதுன்னா அடுத்த ஷோரூம் இருக்கு. டிக்கியையும் திறந்து பாருங்க, பேட்டரி இடத்த புடிச்சிருக்கும், காய்கறி மூட்டை ஏத்தறவங்களுக்கு அது பெரிய விஷயம்.

கணக்கு ஒண்ணு போட்டு பாக்கலாம். பெட்ரோல் 100 ரூபா, வருசம் 10,000 கிலோமீட்டர், சாதா வண்டி 14 குடுக்குது, ஹைபிரிட் 20 குடுக்குதுன்னு வெச்சுக்கங்க. வருசத்துக்கு மிச்சம் 21,000 ரூபா சொச்சம். விலை வித்தியாசம் 3 லட்சம்னா அத எடுக்க 14 வருசம் ஆகும். தினமும் கோயமுத்தூர் போயிட்டு வர்றவங்களுக்கு கணக்கு வேற மாதிரி வரும், வாரம் ஒருக்கா சந்தைக்கு போறவங்களுக்கு எனக்கு தெரிஞ்சு வேண்டாம்.

சரி, வாங்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு, எப்ப? நம்மாளுங்க ஆடியில வண்டி எடுக்க மாட்டாங்க, மார்கழியிலயும் எடுக்க மாட்டாங்க. ஆனா ஷோரூம்காரனுக்கு டார்கெட் இங்கிலீஷ் மாசத்துல தான். ஜூலை 31 நட்ட நடு ஆடியில வருது, டிசம்பர் 31 மார்கழியில வருது, ரெண்டு தடவையும் கூட்டமும் இருக்காது டார்கெட்டும் கழுத்த நெரிக்கும். அப்ப போய் உக்காந்தா தான் பேரத்துக்கு மரியாதை. ஆயுத பூஜை, தீபாவளிக்கு ஆஃபர்னு பேப்பர் ஃபுல்லா விளம்பரம் வரும், ஆனா வாசல்ல பத்து பேர் நிக்கும்போது உங்களுக்கு எதுக்கு குறைக்கணும்? வீட்டுல பெரியவங்க ஆடி வேண்டாம்னா, பில்லும் ரிஜிஸ்ட்ரேஷனும் ஜூலை கடைசியில முடிச்சுட்டு, டெலிவரி ஆவணி ஒண்ணாந்தேதிக்கு அப்பறம்னு பேசுங்க, அதுவரைக்கும் வண்டி அவங்க யார்டுல நிக்கட்டும், கீறல் விழுந்தா அவங்க பொறுப்புன்னு எழுதி வாங்கிக்கங்க. இன்சூரன்ஸ் பில்லு போட்டதுல இருந்தே ஓடும், ரெண்டு மூணு வாரம் வீணாகும், குறையற காசுக்கு முன்னாடி அது பெருசில்ல.

டிசம்பர்ல தள்ளுபடி ஜாஸ்தி தான், ஏன்னா சனவரி வந்தா வண்டி போன வருச மாடல் ஆயிரும். அஞ்சு வருசத்துல விக்கறவங்க யோசிக்கணும், பத்து வருசம் ஓட்டறவங்க கண்ண மூடிட்டு எடுக்கலாம். வெயிட்டிங் இருக்கற வண்டிக்கு மட்டும் எந்த மாசம் போனாலும் பேரம் நடக்காது, 2023ல டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் டாப் வேரியன்ட்டுக்கு புக்கிங்கையே நிறுத்தி வெச்சிருந்தாங்க.

பேரத்துல எது அசையும் எது அசையாதுன்னு தெரியணும். 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி மாறினப்ப சின்ன வண்டி 18 சதவீதத்துக்கு வந்துச்சு, 4 மீட்டருக்கு மேல இருக்கற இந்த ஹைபிரிட்டெல்லாம் செஸ்ஸோட சேத்து 43ல இருந்து 40 சதவீதம், அவ்ளோ தான். ரோடு டாக்ஸ் நம்ம ஸ்டேட்ல 2023 நவம்பர்ல ஏத்தினது, 10 லட்சத்துல இருந்து 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம், அதுக்கு மேல 20. இங்க தான் கவனம், 19.9 லட்சம் வண்டிக்கு டாக்ஸ் 3.58 லட்சம், 20.2 லட்சம் வண்டிக்கு 4.04 லட்சம். 30,000 ரூபா பெரிய வேரியன்ட்டுக்கு டாக்ஸ்லயே 45,000 மேல போகுது, சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு 20 லட்சம்ங்கற கோட்ட தாண்டிராதீங்க. 10 லட்சத்துக்கு மேலன்னா 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விக்கறவங்களே முன்கூட்டி வாங்கி கட்டற வருமான வரி, புடிப்பாங்க, அது வருமான வரி கணக்கு காட்டும்போது திரும்ப கிடைக்கும், அத தள்ளுபடின்னு சொல்லி ஏமாத்த விடாதீங்க.

அசையறது எதுன்னா கேஷ் டிஸ்கவுண்ட், எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் ஆஃபர், ஆக்சஸரீஸ், இன்சூரன்ஸ். ஒவ்வொண்ணா பேசினா ஒரு பக்கம் குடுத்து இன்னொரு பக்கம் எடுத்துருவாங்க, அதனால "கடைசியா நான் எவ்ளோ கட்டணும்"னு ஒரே நம்பர் கேளுங்க, கோயமுத்தூர்ல ரெண்டு ஷோரூம், திருப்பூர் இல்லாட்டி ஈரோட்டுல ஒண்ணுன்னு எழுத்துல வாங்கி, ஒருத்தர் பேப்பர இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க. இன்சூரன்ஸ் அவங்ககிட்ட தான் எடுக்கணும்னு சட்டம் இல்ல, வெளிய விலை கேட்டுட்டு போனாலே குறைப்பாங்க. ஹேண்ட்லிங் சார்ஜ்னு இருந்தா அடிச்சுட்டு குடுங்கன்னு சொல்லுங்க. "இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் தான் சார் இந்த ரேட்"னா, டீ குடிச்சுட்டு பஸ் ஏறிடுங்க, மறுநாள் அவங்களே கூப்பிடுவாங்க. வெலிங்டன்ல ராணுவ சர்வீஸ்ல இருக்கறவங்களோ ராணுவ பென்ஷன்காரங்களோ வீட்டுல இருந்தா, இதெல்லாம் விட்டுட்டு மொதல்ல ராணுவ கேன்டீன் விலை கேளுங்க.

முழு பணம் கட்டறதுக்கு முன்னாடி சேசிஸ் நம்பர் வாங்கி எந்த மாசம் செஞ்ச வண்டின்னு பாருங்க. ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருசம் இல்லாட்டி 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி இருக்கு, ஆனா மேல பக்கத்துல இருக்கற சர்வீஸ் சென்டர்ல ஹைபிரிட் தெரிஞ்ச ஆள் இருக்கானா, இல்ல ஒவ்வொரு தடவையும் கீழ இறங்கணுமான்னு கேட்டுக்கங்க.

அட்ரஸ் ப்ரூஃப் நீலகிரி அட்ரஸ்லயே குடுங்க. நீலகிரி நம்பரான டிஎன் 43 வண்டிக்கு, வெளியூர் வண்டிங்க மலைக்கு வர எடுக்கற இ-பாஸ் வேண்டாம். கோயமுத்தூர்ல வேலை பாக்கற பையன் பேர்ல, அந்த அட்ரஸ்ல எடுத்தீங்கன்னா சொந்த வீட்டுக்கு வர்றதுக்கே டூரிஸ்ட் மாதிரி கல்லார் செக்போஸ்ட்ல பாஸ் காட்டிட்டு வரணும்.