ஆணைத் தேதி காப்பாற்றாது: ஆய்வுத் துறை அலுவலகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த வாரம் எங்கள் ஆய்வுத் துறை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கொள்முதல் ஆணை ஒன்றை என் மேசையில் வைத்தார். திட்டம் முடிய 18 நாள். கருவி வந்து சேர 6 வாரம். "மானியத்தில் பணம் இருக்கிறது அக்கா, கடைசித் தேதிக்குள் ஆர்டர் போட்டுவிடலாம்" என்றார். பல ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன அதே வார்த்தைகள். எழுத்துப் பிழை, தொலைந்த ரசீது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆணைத் தேதியைச் செலவுத் தேதியாக எண்ணுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இது. கணக்கில் மீதி தெரியும். "செலவழிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும்" என்பார் பேராசிரியர். உடனே ஆணை பறக்கும். நிதியளிப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பதோ, செலவு எப்போது ஏற்பட்டது என்பதைத்தான். திட்டக் காலம் முடிந்த பிறகு பொருள் வந்து இறங்கினால், ஆணையின் தேதியைக் காட்டிப் பயனில்லை.

அன்று நான் வாங்கியது ஒரு மையவிலக்குக் கருவி. டெலிவரி ரசீதில் கிடங்கு ஊழியர் நீல மையில் போட்டிருந்த தேதி, திட்டம் முடிந்து 9 நாள் கழித்து. தணிக்கையாளர் அந்தத் தேதியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். முழுத் தொகையும் துறையின் பொது நிதியின் தலையில் விழுந்தது. அந்த ஆண்டு இரண்டு ஆய்வு மாணவர்களின் மாநாட்டுப் பயணம் ரத்தானது. அதை அவர்களிடம் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

பொருள் நேரத்தில் வந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் மானியங்களில், பொதுவாகக் கருவியின் முழு விலையைக் காட்ட முடியாது. திட்டக் காலத்துக்குரிய தேய்மானத்தை, அதாவது பயன்படுத்திய காலத்துக்கு ஏற்ப விலையில் கணக்கிடும் பங்கை மட்டுமே காட்டலாம். கடைசி மாதத்தில் வாங்கினால் கிடைப்பது ஒரு மாதத் தேய்மானம்.

திட்டம் முடிய 6 மாதம் இருக்கும்போதே பேராசிரியரோடு உட்கார்ந்துவிடுங்கள். மீதித் தொகையிலிருந்து, ஆணை போட்டும் பில் வராதவற்றைக் கழியுங்கள். கடைசி மாதம் வரைக்குமான ஊதியத்தையும் உதவித்தொகையையும் கழியுங்கள். எஞ்சுவதுதான் கையில் இருக்கும் பணம். தம்பியையும் அப்படியே கழித்துப் பார்க்கச் சொன்னேன். கருவியின் விலையில் பாதிகூட மிஞ்சவில்லை.

காலக்கெடு எந்த ஊர் நேரம் என்று பார்க்காதது

ஹொரைசன் யூரோப் மானியங்களுக்கான விண்ணப்ப அழைப்புகள் முடிவது மாலை 5 மணி, பிரஸ்ஸல்ஸ் நேரப்படி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்துக்கும் மாலை 5 மணிதான். ஆனால் அது விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் உள்ளூர் நேரம். நாட்காட்டியில் ஊரையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆய்வாளரின் ஆர்க்கிட் எண்ணைக் கையால் அடிப்பது

ஆர்க்கிட் (ORCID) என்பது ஒவ்வொரு ஆய்வாளருக்கும் உள்ள தனி அடையாள எண். 16 இடங்கள், கடைசி இடத்தில் எக்ஸ் என்ற எழுத்தும் வரலாம். நகலெடுத்து ஒட்டுங்கள்.

வாய்மொழி ஒப்புதல்

அன்றைக்கே மின்னஞ்சலில் ஒரு வரி கேட்டு வாங்குங்கள்.